பாரிசுக்குப் போகாத பலகாரப் பொதி

எங்கள் பேஸ்போல் கழக அலுவலகத்தில் இந்த ஆண்டு மூன்று தமிழ்ப் பிள்ளைகள் வேலைக்குச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நான் சேர்ந்தபோது அந்தக் கட்டடம் முழுவதிலும் தமிழ் என்றால் நான் ஒருத்திதான். அதுவும் மாடியில் இல்லை, கீழே வீரர்களின் உடுப்புத் தோய்க்கிற அறையில். ஓய்வு பெற்றவள் எழுத வந்துவிட்டாள், இனிப் புத்திமதிதான் என்று முகத்தைச் சுளிக்க வேண்டாம். நான் விட்ட ஒரு பிழையைத்தான் எழுதப் போகிறேன். என் கெட்டித்தனங்களை எழுதுவதென்றால் அரைப்பக்கம் போதும்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் வருகிற பெரிய லீக் அல்ல எங்களுடையது. பாதி அணிகள் கனடாவில், பாதி எல்லைக்கு அப்பால் அமெரிக்காவில். வீரர்களுக்கு ஹோட்டல் கிடையாது. கோடை முழுவதும் யாராவது ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவர்கள் சமைப்பதைச் சாப்பிட்டுவிட்டு விளையாட வருவார்கள். ஒருநாள் துவாய் மடித்துக்கொண்டிருந்த என்னிடம் எங்கள் முகாமையாளர் அம்மா வந்து, "உங்கட ஆக்களின்ர வீடுகளிலை ஒரு அறை எடுக்கலாமோ?" என்று கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். அடுத்த ஆண்டு நாலு அறை, அதற்கடுத்த ஆண்டு பத்து. இப்படித்தான் நான் மாடிக்கு வந்தேன்.

அந்த அம்மாவின் பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. முதலாளி அம்மா என்ற பொருளில் பிரெஞ்சில் 'பத்ரோன்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே வைத்துக்கொள்கிறேன். அவரும் வீரர்களும் என்னோடு பேசியது பிரெஞ்சில்தான். ஆனால் எனக்கு அந்தக் கதைகள் எல்லாம் எங்கள் தமிழிலேயே நினைவில் இருக்கின்றன, ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

அந்த ஆண்டு நாங்கள் தோற்றுக்கொண்டே இருந்தோம். வென்ற ஆட்டங்களை எண்ண ஒரு கை விரல்கள் போதும் என்ற நிலை வந்ததும் பத்ரோன் தீர்மானித்துவிட்டார்: இந்த அணியைத் தட்டிக்கொட்டிச் சரிக்கட்ட முடியாது, புதிதாகக் கட்ட வேண்டும். அப்படியென்றால் கையில் இருக்கிற நல்ல, வயது போன வீரர்களை மற்ற அணிகளுக்குக் கொடுத்து, இளம் வீரர்களை வாங்க வேண்டும். பழைய வீட்டை இடிக்கும்போது நல்ல கதவுகளைத்தான் முதலில் கழற்றிக் கொடுப்பார்கள். யாருக்கும் வேண்டாத கதவைக் கொடுத்து என்ன வாங்க முடியும்?

எங்களிடம் இருந்த நல்ல கதவு ரமோன். டொமினிக்கன் நாட்டுக்காரர், முப்பத்து மூன்று வயது, கட்சர். கிரிக்கெட்டில் விக்கெட்டுக்குப் பின்னால் நிற்பவரைப் போன்ற இடம். ஆட்டம் முழுவதும் குந்தியிருந்து, எறிகிறவர்களை வழிநடத்துகிற வேலை. எங்கள் இளம் எறிவீரர்களுக்கு அவர் கையுறையைப் பார்த்தாலே நடுக்கம் போய்விடும். மூன்று கோடைகாலமாக அவர் மொன்றியலுக்கு அக்கரையில், லொங்குய்யில் ராணி அக்கா, அவருடைய மனுசன் பரா அண்ணை வீட்டில் இருந்தார். பிள்ளைகள் ரொறொன்ரோ போய்விட்ட வீடு, கீழ்த்தளத்தில் வெளிச்சமான ஒரு அறை. பரா அண்ணை வந்த முதல் ஆட்டத்தில் மூன்று மணித்தியாலம் பொறுமையாக இருந்து பார்த்துவிட்டு, "எல்லாம் சரி தங்கச்சி, ஓவர் எப்ப முடியும்?" என்று கேட்டவர். ரமோனுக்கு அந்த வீட்டில் 'ஓம்', 'காணும்' என்ற இரண்டு தமிழ்ச் சொற்கள் பழகியிருந்தன. 'போதும்' என்கிற அந்த இரண்டாவதை ராணி அக்கா ஒருநாளும் காதில் வாங்கியதில்லை.

அவருக்கு ஒரு மகள், மரிசோல், ஒன்பது வயது. ஊரில் ரமோனின் தமக்கையோடு வளர்ந்தாள். அந்தக் கோடையில் அவளை மொன்றியலுக்குக் கூப்பிட்டு ஒரு மாதம் தன்னோடு வைத்திருக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. விசாப் படிவம் நிரப்பியது நான். இரண்டு தரம் மறுத்தார்கள், மூன்றாம் தரம் கிடைத்தது. ஸ்பொன்சரில் இந்த நாட்டுக்கு வந்தவள் நான், ஒரு கடிதத்துக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. விசா வந்த அன்று ரமோன் என் மேசைக்கு முன்னால் நின்று அழுதார், நானும் அழுதேன். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒன்று சொன்னார்: "பத்ரோனுக்கு உதைச் சொல்லவேண்டாம், மலா. பாவம் பாத்து என்னை வைச்சிருக்கக் கூடாது." சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் பெயர் மலர். வீரர்களின் வாயில் அது மலா.

கவனியுங்கள், அந்த விசா கனடாவுக்கு மட்டும்தான்.

வீரர் மாற்றுக்குக் கடைசி நேரம் அந்த வியாழன் மாலை நான்கு மணி. திங்கட்கிழமை கூட்டத்தில் பத்ரோனும், எண்களைப் பார்க்கிற கார்த்திக்கும், நானும் இருந்தோம். இன்று உங்களுக்கெல்லாம் மேலதிகாரியாக இருக்கிறாரே, அதே கார்த்திக்தான். சென்னையிலிருந்து படிக்க வந்து எங்களிடம் மாட்டிக்கொண்டவர். முதல் நாள் என்னை 'ஆன்ட்டி' என்று கூப்பிட்டார், அதை அரை மணித்தியாலத்தில் 'அக்கா' ஆக்கினேன். அவர் போட்ட அட்டவணையில், கொடுக்கக்கூடியவர்களில் முதல் பெயர் ரமோன். முழங்கால் தேய்கிறது, அடுத்த ஆண்டு இந்த மதிப்பு இருக்காது, இப்போது கொடுத்தால்தான் உண்டு. அமெரிக்கப் பக்கத்து அணி ஒன்று அவருக்காக இரண்டு இளம் எறிவீரர்களைத் தரத் தயாராக இருந்தது.

பத்ரோன் வேலைக்கு வரும் வழியில் ஜான்-டலோன் சந்தையில் ஸ்ட்ரோபெரி வாங்கி வந்து, யோசிக்கும்போது ஒவ்வொன்றாகத் தின்பார். அன்று முழுப் பெட்டியையும் தின்று முடித்துவிட்டு, "ரமோன்தான் போவார் போலை கிடக்கு. மலா, ரெண்டு பேருக்கு அறை பாரும்" என்றார். போலை கிடக்கு என்றுதான் சொன்னார். முடிந்தது என்று சொல்லவில்லை.

இனி என் பிழை. அதற்கு முந்திய ஆண்டு ராணி அக்கா வீட்டில் இருந்த இன்னொரு வீரரை மத்தியானச் சாப்பாட்டின் நடுவில் கூப்பிட்டு அனுப்பிவிட்டோம். பாதிச் சோறு கோப்பையில் இருக்க அந்தப் பையன் எழும்பிப் போனான். அக்கா எனக்குப் போன் எடுத்து, "ஒரு சொல்லு முந்திச் சொல்லியிருந்தா கையிலை ஏதாவது குடுத்து விட்டிருப்பன். வெறுங்கையோடை விட்டிட்டன், மலர்" என்று விக்கி விக்கி அழுதார். இனி முன்கூட்டியே சொல்வேன் என்று அன்று வாக்குக் கொடுத்திருந்தேன். அந்த வாக்கு நினைவில் குத்த, திங்கள் பின்னேரம் அக்காவைக் கூப்பிட்டு, "ரமோன் போகக்கூடும், இன்னும் முடிவில்லை, மனதிலை மட்டும் வைச்சிருங்கோ" என்று சொல்லிவிட்டேன்.

யாழ்ப்பாணத்துப் பொம்பிளை ஒருத்தியிடம் ஒருவர் பயணம் போகப் போகிறார் என்று சொல்லிவிட்டு, மனதில் மட்டும் வைத்திரு என்றால் அவள் வைத்திருப்பாளா? செவ்வாய் விடிய ராணி அக்கா தாச்சியை அடுப்பில் ஏற்றிவிட்டார். பருத்தித்துறை வடை, பயத்தம் பணியாரம், முறுக்கு. பக்கத்தில் கறித்தூளை மூன்று பொலித்தீன் பைக்குள் போட்டு, பொதி ஒட்டுகிற பழுப்பு ரேப் சுற்றி வைத்திருந்தார்.

அன்று மத்தியானம் ரமோன் என் அறைக்குள் வந்தார். கையில் ஒரு வடை இருந்தது, கடிக்கவில்லை.

"ராணி வடை சுடுறா" என்றார்.

"நல்லதுதானே" என்றேன்.

"நான் அந்த வீட்டிலை மூண்டு கோடை இருந்திட்டன், மலா. உது எப்ப சுடுறவ எண்டு எனக்குத் தெரியும். மகன் வந்திட்டுத் திரும்பிப் போகேக்கை சுட்டவ. போன வருசம் அந்தப் பெடியன் போன பிறகு, நேரம் கிடைக்கேல்லை எண்டு அழுதவ. ஆரோ போகேக்கைதான் சுடுறவ. இப்ப ஆர் போகினம்?"

உண்மையைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, முடிவும் ஆகவில்லை. அது சரி. ஆனால் நான் என்ன செய்தேன் தெரியுமா? கண் இமைக்காமல், "ராணி அக்காவின்ர தம்பி பாரிசுக்குப் போறார். அவருக்குத்தான்" என்றேன்.

அந்த மனிதரின் தோள் இறங்கிய இறக்கத்தை இப்போதும் காண்கிறேன். சிரித்தார். வடையை ஒரே கடியாகக் கடித்தார். "நான் விசரன்" என்று சொல்லிவிட்டு என் தலையில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

ஒரு பொய் சொன்னால் அதற்குத் துணையாள் தேட வேண்டுமே, உடனே அக்காவுக்குப் போன் எடுத்தேன். ராணி அக்காவின் தம்பி இங்கே மொன்றியலிலேயே, பார்க்-எக்ஸ்ரென்சனில் இருக்கிறார்.

"அவனோ? அவன் மெட்ரோ ஏறிக் கோயிலுக்கு வரவே பஞ்சிப்படுறவன். அவன் பாரிசுக்கோ?" என்றார் அக்கா.

"ரெண்டே ரெண்டு நாள் அக்கா. வியாழன் வரைக்கும் அப்பிடிச் சொல்லுங்கோ."

அக்கா அடுப்பைத் தணிக்கிற சத்தம் கேட்டது. "மலர், நான் சுட்டது ரமோனுக்கு. அவன்ர முகத்தைப் பாத்து, உது உனக்கில்லை எண்டு என்னெண்டு சொல்லுறது?"

ஆனாலும் சொல்ல வைத்தேன்.

புதன்கிழமை காலை ரமோன் விசிலடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார். இரண்டு கிழமை கழித்து வரவிருந்த மகளின் விமான ரிக்கற்றை மாற்றி, இந்த ஞாயிற்றுக்கிழமையே வரச் சொல்லிவிட்டாராம். "சும்மா பயந்து பயந்து ஒவ்வொரு நாளாத் தள்ளிக்கொண்டிருந்தன். நேற்று நீர் சொன்ன பிறகுதான் நிம்மதியா நித்திரை கொண்டன். தமக்கைக்கு அப்பவே போன் எடுத்து மாத்தச் சொல்லிப்போட்டன்" என்றார்.

வியாழன் மாலை இவரை எல்லைக்கு அப்பால் அனுப்புவோம், ஞாயிறு காலை ஒன்பது வயதுப் பிள்ளை மொன்றியலில் வந்து இறங்கும். அப்பன் ஒரு நாட்டில், பிள்ளை இன்னொரு நாட்டில். அவள் அந்தப் பக்கம் போக விசா இல்லை, அவர் நினைத்த நேரம் இந்தப் பக்கம் வர லீவு இல்லை. என் வாயால் வந்த ஒரு வசனத்தை நம்பி அந்த மனிதர் இதைச் செய்திருந்தார்.

அப்போது எனக்கு வந்த புத்தியைப் பாருங்கள். பத்ரோனிடம் போகவில்லை, ரமோனிடம் போகவில்லை, நேரே கார்த்திக்கின் மேசைக்குப் போனேன்.

"தம்பி, உந்த அட்டவணையிலை ரமோனைக் கொஞ்சம் கீழை இறக்கேலாதோ?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்னக்கா சொல்றீங்க? எதுக்கு?"

"கேளாதையும். ரெண்டு இடம் இறக்கினாக் காணும்."

"அக்கா, ஒரு தடவை நம்பரை மாத்திட்டேன்னா அப்புறம் இந்த ரூம்ல யாரும் என் டேபிளை நம்ப மாட்டாங்க. நானே நம்ப மாட்டேன்." பிறகு என் முகத்தைப் பார்த்து அவருடைய குரல் இளகிவிட்டது. "ஆனா ஒண்ணு. நம்பர்ல வராத விஷயம் ஏதாவது உங்களுக்குத் தெரிஞ்சிருந்தா, அதை மேடம்கிட்ட சொல்லுங்க. அது கணக்கை மாத்துறது இல்லக்கா, கணக்குல விட்டுப்போனதைச் சேர்க்கிறது. சொல்லாம இருந்தாத்தான் தப்பு."

எனக்கு மகன் வயது அவருக்கு. வெட்கமாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு வசனத்தில் எனக்கு வழி தெரிந்துவிட்டது. விசாவைப் பற்றிப் பத்ரோனுக்குச் சொல்ல வேண்டும். சொல்லமாட்டேன் என்று ரமோனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், ஆகவே முதலில் அவரிடம் கேட்க வேண்டும். அவரிடம் கேட்பதென்றால் என் பொய்யை நானே அவிழ்க்க வேண்டும்.

ரமோன் மைதானத்தின் ஓரத்தில், எறிவீரர்கள் கை சூடாக்குகிற இடத்தில், வாங்கில் உட்கார்ந்து மணிக்கட்டுக்கு வெள்ளைத் துணி ரேப் சுற்றிக்கொண்டிருந்தார். கட்சர்மார் ஆட்டத்துக்கு முன் சுற்றுவதுதான். எனக்கு இடம் விட்டு நகர்ந்தார். நான் உட்காரவில்லை.

"ரமோன், பாரிசுக்கு ஒருத்தரும் போகேல்லை" என்றேன்.

ரேப் சுற்றிய கை நின்றது. "அப்ப வடை எனக்கு."

"ஓம்."

"முடிஞ்சுதோ?"

"இல்லை. நாளைக்கு நாலு மணி வரைக்கும் ஒண்டும் முடிவில்லை. எங்கை, ஆர் எண்டு சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனா நான் நேற்றுச் சொன்னது பொய். அதை நம்பித்தான் மகளின்ர ரிக்கற்றை மாத்தினீர். விசாவைப் பற்றிப் பத்ரோனுக்குச் சொல்ல என்னை விடும்."

அவர் கத்தியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். கத்தவில்லை. மணிக்கட்டைப் பார்த்தபடியே மெதுவாகச் சொன்னார்: "என்னை நாலு தரம் மாத்தியிருக்கினம். ஒருக்கா பஸ்ஸுக்குள்ளை வைச்சுச் சொன்னவை. ஒருக்கா நான் குளிச்சுக்கொண்டு நிக்கேக்கை கதவைத் தட்டிச் சொன்னவை. ஆனா ஒருத்தரும் சாப்பாட்டை வைச்சு எனக்குப் பொய் சொல்லேல்லை."

நான் நின்றேன். வேறு என்ன செய்வது?

மிச்ச ரேப்பைச் சுற்றி முடித்துவிட்டு, "சொல்லுங்கோ. ஆனா பாவம் எண்டு சொல்லக்கூடாது. விசாவைப் பற்றி மட்டும். சரியே, மதாம்?" என்றார்.

மதாம். மூன்று கோடை மலாவாக இருந்த நான் மதாம் ஆகிவிட்டேன்.

பத்ரோனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திங்கட்கிழமை போன், வடை, பாரிஸ், ரிக்கற், கார்த்திக்கிடம் நான் கேட்டது வரைக்கும். முன்னால் ஸ்ட்ரோபெரிப் பெட்டி இருந்தது. ஒவ்வொன்றாகக் காம்பைக் கிள்ளி வரிசையாக வைத்துக்கொண்டே கேட்டார், ஒன்றையும் தின்னவில்லை. அவருக்குக் கோபம் வந்தால் அப்படித்தான்.

"ரெண்டு பிழை விட்டிருக்கிறீர்" என்றார் கடைசியில். "அறை குடுக்கிற வீட்டுக்கு முந்திச் சொன்னது என்னோடை சம்பந்தப்பட்ட பிழை. அதை நான் மன்னிக்கிறன், ஆனா இனி நடக்கக் கூடாது. பொய் சொன்னது ரமோனோடை சம்பந்தப்பட்டது. அதை அவர்தான் மன்னிக்க வேணும். அதிலை நான் தலையிட ஏலாது."

பிறகு என்ன செய்தார் என்பதைக் கவனமாகக் கேளுங்கள். ரமோனை வைத்திருப்போம் என்று அவர் சொல்லவில்லை. போனை எடுத்து, எங்களிடமிருந்து இரண்டு மணி நேர ஓட்டத்தில் இருக்கிற கனடா அணி ஒன்றைக் கூப்பிட்டார். அவர்கள் ரமோனுக்கு ஒரே ஒரு எறிவீரரைத் தருவதாகச் சொன்னார்கள். இருபது வயது, பந்து வேகமாகப் போகும், எங்கே போகும் என்று அவனுக்கே தெரியாது. கார்த்திக்கைக் கூப்பிட்டுக் கேட்டார். "கண்டிப்பா அமெரிக்கா ஆஃபர்தான் பெட்டர், மேடம். வித்தியாசம் சின்னது இல்ல" என்று உள்ளதை உள்ளபடி சொன்னார் அவர். அதை ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, "சாரிக்கா" என்றார்.

பத்ரோன் அன்றே முடிவெடுக்கவில்லை. வியாழன் மூன்றரை மணி வரைக்கும் இரண்டு அணிகளையும் பிடித்து வைத்திருந்தார். மூன்றரைக்குக் கனடா அணிக்கு ஓம் என்றார். நான் நன்றி சொல்ல வாய் திறந்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"இதை இரக்கம் எண்டு நினைக்காதையும். மகள் ஒரு நாட்டிலை, தான் ஒரு நாட்டிலை எண்டு இருக்கிற கட்சரை நான் நல்ல கட்சர் எண்டு சொல்லி அந்த அமெரிக்கனுக்குக் குடுத்தா, ஒரு கிழமையிலை அவனுக்குத் தெரிஞ்சிடும் நான் என்ன குடுத்தனான் எண்டு. வாற வருசம் என்ர போனை எடுப்பானோ? திங்கட்கிழமையே விசா விசயம் தெரிஞ்சிருந்தா நாலு கனடா அணியளோடை ஆறுதலாக் கதைச்சிருப்பன், இதைவிட நல்லதா ஒண்டு வாங்கியிருப்பன். நீர் ஒளிச்சு வைச்சதாலை எனக்கு ஒரு நாள்தான் இருந்தது."

மாலை ஐந்து மணிக்குப் பத்ரோனே ரமோனைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். ஆறு மணிக்கு லொங்குய்யில் ராணி அக்கா பொதியை அவர் கையில் கொடுத்தார். நான் அறைக் கதவின் திறப்பை வாங்கப் போயிருந்தேன். பரா அண்ணை அவரைக் கட்டிப்பிடித்து, "அந்த அணியிலையாவது ஓவர் முடியுதோ எண்டு பாத்துச் சொல்லும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், அக்கா அழுதார். ரமோன் என்னிடம் திறப்பைத் தந்து, "மெர்சி, மதாம்" என்றார். மரியாதையில் ஒரு குறையுமில்லை. அதுதான் எனக்கு வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மரிசோல் வந்து இறங்கினாள், அப்பா எயர்போட்டில் நின்றார். அவருடைய புது அணி அமெரிக்கப் பக்கம் போகிற நாட்களில் பிள்ளை ராணி அக்காவோடு லொங்குய்யில் இருந்தாள், திரும்பி வந்ததும் அவர் கூட்டிக்கொண்டு போவார். மாதம் முடிந்து அவள் ஊருக்குப் போகும்போது அக்கா மறுபடியும் தாச்சி வைத்தார் என்று சொல்லத் தேவையில்லை. எங்களுக்கு வந்த இருபது வயதுக்காரன் அதே கீழ்த்தள அறைக்குப் போனான். ஆரம்பத்தில் மிளகாயைக் கண்டாலே கண்கலங்கினான். எங்கள் அணி அந்த ஆண்டு கடைசி இடத்தில்தான் வந்தது. நல்ல மனதோடு செய்தால் ஆட்டத்தில் வெல்லலாம் என்று நான் உங்களுக்குப் பொய் சொல்லப் போவதில்லை, பொய் சொல்லி நான் பட்டது காணும்.

இந்த வேலையில் உங்களிடம் வீரர்கள் வந்து கேட்பார்கள். முகத்தைப் பார்த்துக் கேட்பார்கள், நீங்கள் அவர்களோடு சாப்பிட்டிருப்பீர்கள், அவர்களுடைய பிள்ளைகளின் படத்தைப் பார்த்திருப்பீர்கள். அந்த நேரம் வாயை விடவும் கூடாது, பொய் சொல்லவும் கூடாது. நான் அதற்குப் பிறகு ஒரே வசனத்தைப் பழகிக்கொண்டேன்: "எனக்குத் தெரிஞ்சதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை, ஆனா உமக்கு ஒரு நாளும் பொய் சொல்லமாட்டன்." கேட்கிறவருக்குக் கோபம் வரும். வரட்டும். ஒன்றும் நடக்காத நாளிலும் இதையே சொல்லிப் பழகுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அதைச் சொல்லுகிற அன்றைக்கு அவர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். தீர்மானிக்கிறவரிடம் மட்டும் எதையும் ஒளிக்காதீர்கள்.

இரண்டு ஆண்டு கழித்து ரமோனின் முழங்கால் இனி ஏலாது என்றது. பத்ரோன் அவரைக் கூப்பிட்டு, இளம் எறிவீரர்களைப் பழக்குகிற வேலையைக் கொடுத்தார். தனக்கு மாற்றாக வந்த அந்தக் கண்டபடி எறிகிற பையனை அவரே நேராக எறிய வைத்தார். திரும்பவும் ஒரே கட்டடம், ஒரே மாடிப்படி. காலையில் "பொன்ஜூர், மதாம்", மாலையில் "பொன்சுவா, மதாம்". நான் மன்னிப்புக் கேட்டு அவரை நெருக்கவில்லை. ஒவ்வொரு ஆண்டும் மாற்று நேரத்தில் பெடியள் வந்து என்னிடம் கேட்பார்கள், நான் என் வசனத்தைச் சொல்லுவேன். சில நாட்களில் அவர் வாசலில் நின்று அதைக் கேட்டிருக்கிறார், ஒன்றும் பேசாமல் போய்விடுவார். இப்படி நாலு ஆண்டுகள் போயின.

நான் ஓய்வுபெற்ற அன்று கேக் வெட்டினார்கள், கார்த்திக் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கி பாதியில் தமிழுக்கு மாறி, யாருக்கும் விளங்காமல் பேசி முடித்தார். எல்லோரும் போன பிறகு என் மேசையைத் துப்புரவாக்க வந்தேன். மேசையில் ஒரு பொதி இருந்தது. மூன்று பொலித்தீன் பை. தூக்கியதும் பருத்தித்துறை வடை என்று கைக்கே தெரிந்துவிட்டது. ராணி அக்கா என்று நினைத்தேன். ஆனால் அக்கா கட்டினால் பழுப்பு ரேப், விளிம்பெல்லாம் மடித்து நேராகச் சுற்றியிருப்பார். இது மணிக்கட்டுக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணி ரேப், குறுக்கும் மறுக்குமாக. பிறகு அக்காவிடம் கேட்டேன். "காலமை வந்து குசினியிலை நிண்டான். நான் தட்டிக் குடுக்கக் குடுக்க அவன்தான் பொரிச்சவன். பாதி கருகிப்போச்சு. காணும் காணும் எண்டு நான் கத்த, அவன் கேக்கேல்லை" என்றார்.

அந்த வெள்ளை ரேப்பின் மேல் கறுப்பு மாக்கரால், பயணப் பொதிக்குப் பெயரும் ஊரும் போடுவதுபோல, கோணல்மாணலாக இரண்டு சொல் எழுதியிருந்தது. நான் கதிரையில் உட்கார்ந்து, அந்தக் கருகிய வடையில் ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டே அதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன்.

'மலா. பாரிஸ்.'